எல்லாம் விளையாட்டுக்குத்தான்

ஆறு வயதுப் பிள்ளை பந்தை உதைப்பதற்குப் படிவம் எதற்கு? இந்தக் கேள்வியை இதுவரை பதினைந்து பேரிடமாவது கேட்டிருப்பேன். எல்லோரும் "நியாயம்தான்" என்று தலையாட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். தலையாட்டியவர்கள் போகட்டும். என் மனைவியின் தங்கைக்கு நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். அப்போதாவது என் வயிற்றெரிச்சல் அடங்குகிறதா பார்ப்போம்.

அவளை வேலை செய்யும் இடத்தில் பம்பரம் என்பார்கள். பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. ஆள் உயர இயந்திரங்கள் ஆறு, அதில் ஒன்று எப்போதும் ரிப்பேர். துவைத்து வரும் விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து உதறி, சுருக்கம் இல்லாமல் சூடான உருளைக்குள் விடவேண்டும். ஒரு ஷிப்டுக்கு அறுநூறு விரிப்பு. அவளோடு ஜோடி சேர ஆள் வராது. "இவகூட நின்னா மத்தியானத்துக்குள்ள தோள்பட்டை கழண்டு கையில வந்துடும்" என்று ஓடிவிடுவார்கள். வயது முப்பத்திரண்டு. எட்டு வருடம் பெண்கள் கால்பந்து அணியில் இடது ஓரத்தில் ஓடியவள். ஒருநாள் முழங்காலுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். அதோடு ஆட்டம் முடிந்தது. எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். கல்யாணம் எப்போது என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறாள். அதை இங்கே எழுத முடியாது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு மைதானம். அங்கே ஒரு கழகம். பதினாறு வயதுக்காரர்கள் அணிக்குக் கோப்பை இருக்கிறது, பனியன் இருக்கிறது, பஸ்ஸில் வெளியூர் போவது இருக்கிறது. அதனால் அதற்குப் பயிற்சி கொடுக்க மூன்று பேர் அடித்துக்கொள்வார்கள். எட்டு வயதுக்குக் கீழே இருக்கும் பொடிசுகளுக்கு யாரும் வருவதில்லை. பாதி ஆட்டத்தில் ஒன்றுக்கு வருகிறது என்று நிற்கும், ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது என்று அழும், பட்டாம்பூச்சியைப் பார்த்தால் பந்தை மறந்துவிடும். போன வருடம் பம்பரம் போய், "அதுங்கள எங்கிட்ட விடுங்க" என்று கேட்டாள். குப்பைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று சொன்னவளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, சந்தோஷமாகக் கொடுத்தார்கள். சனிக்கிழமை காலை ஏழரையிலிருந்து எட்டரை. முதல் வாரம் ஐந்து பிள்ளைகள். மூன்றாம் மாதம் பதினான்கு. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவள் மீதி ஆறு நாளும் விரிப்பு உதறினாள் என்று சொன்னால் மிகையில்லை.

அவள் திட்டம் போடும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். எனக்கு கேட், கிரில் அடிக்கும் வெல்டிங் பட்டறை. வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் என் டப்பாவிலிருந்து பதினான்கு நட்டும் பதினான்கு வாஷரும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். நட்டு பிள்ளை, வாஷர் பந்து. சமையலறைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு எல்லாவற்றையும் பரப்பி, சம்மணம் போட்டு உட்கார்ந்து நகர்த்துவாள். என் வீட்டுக்காரி ஒரு கையில் கரண்டியோடு தாண்டித் தாண்டிப் போவாள்.

"இந்தா, உன் மைதானத்த ஒரு ஓரமா நகத்து. எனக்கு அடுப்புக்குப் போக வழி வேணும்."

"அக்கா, நீ கோலுக்கு நடுவுல நிக்கிற. தள்ளு."

நான் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு பார்ப்பேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவள் தனக்குத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வாள். "இதுல சும்மா நிக்கிறது எத்தனை பேரு?" ஒரு நட்டு சும்மா நின்றாலும் அந்த ஆட்டம் தள்ளுபடி. முழுவதும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள்.

ஒருமுறை நான் என் பெரிய மூளையைக் காட்டினேன். "ஏம்மா, எல்லாரும் பந்தோட ஓடட்டும். பந்தை விட்டவன் அவுட்டு. கடைசியா நிக்கிறவன் ஜெயிச்சான். நல்லாத்தானே இருக்கும்?"

"முதல்ல யாரு அவுட் ஆவான் மாமா?"

"ஆடத் தெரியாதவன்."

"அவனுக்குத்தானே பந்து வேணும்? அவன வெளிய உக்கார வச்சிட்டு, தெரிஞ்சவனுக்கே இன்னும் பத்து நிமிஷம் கொடுப்பீங்களா? நல்ல நியாயம்."

இதைப் பெரிய பெரிய கழகத்துக்காரர்கள் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஒரு சலவைக்காரிக்குத் தோன்றியிருக்கிறது.

அவள் ஆட்டத்தில் யாரும் அவுட் ஆவதே இல்லை. 'வால் பறிக்கிறது' என்று ஒன்று. கிழிந்து கழித்த விரிப்புகளைக் கண்காணிப்பாளரிடம் கேட்டு வாங்கி, கை நீளத்துக்குக் கிழித்து வால் செய்து வைத்திருந்தாள். ஒவ்வொரு பிள்ளையும் அரைக்கால் சட்டையின் பின்னால் ஒரு வாலைச் செருகிக்கொண்டு, பந்தைக் காலால் தட்டிக்கொண்டே அடுத்தவன் வாலைப் பறிக்கவேண்டும். வால் போனவன் அவளிடம் ஓடி வந்தால் இடுப்பிலிருந்து புது வால் ஒன்று உருவிக் கொடுப்பாள். அவள் இடுப்பைச் சுற்றி நாற்பது வால் தொங்கும். மைதானத்தைத் தாண்டிப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இன்னொன்று 'வீடு மாத்துறது'. நான்கு மூலையில் நான்கு வீடு. அவள் "வீட்டுக்காரன் வந்துட்டான், காலி பண்ணு!" என்று கத்தினால் எல்லோரும் தங்கள் பந்தை, அதாவது தட்டுமுட்டுச் சாமானை, உருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடவேண்டும். கடைசிப் பதினைந்து நிமிடம் மேட்ச். அதற்கு நான் அரை அங்குலப் பைப்பில் முட்டி உயரத்துக்கு நான்கு சின்ன கோல் அடித்துக் கொடுத்திருந்தேன். கோல்கீப்பர் கிடையாது, ஏனென்றால் கோல்கீப்பர் சும்மா நிற்பான்.

இதில் என்ன குறை? சொல்லுங்கள், என்ன குறை?

இந்த வருடம் கழகத்துக்குப் புதுச் செயலாளர் வந்தார். ஏதோ ஓர் அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் மூன்று பேனா, கைப்பையில் முத்திரை. போகிற இடமெல்லாம் முத்திரை குத்துவார். வந்த மறுவாரமே, சான்றிதழ் வைத்திருக்கிறார் என்று ஓர் ஆளைப் பயிற்சியாளராகக் கூட்டிவந்தார். அந்த ஆள் வெயிலோ மழையோ கழுத்து வரை ஜிப் போட்ட டிராக்சூட்டில்தான் இருப்பார். பெயரை யாரும் சொல்வதில்லை. டிராக்சூட் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

பிறகு படிவம் வந்தது. ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் எழுத்தில் திட்டம் கொடுக்கவேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் அலுவலக அறைப் பெட்டியில் போடவேண்டும். ஐந்து கட்டம். நேரம், செயல், உபகரணம், பொறுப்பாளர், பயிற்சியின் நோக்கம்.

அந்த வியாழக்கிழமை பம்பரத்துக்குக் கை காலியில்லை. வால்கள் நைந்துபோய்விட்டன. புதிதாக நாற்பது கிழிக்க வேண்டும், அதோடு தரையில் நட்டு நகர்த்தவும் வேண்டும். "மாமா, நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதுங்களேன்" என்றாள்.

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். இருந்தாலும் எழுதினேன். நேரம் எழுதினேன். செயல் என்ற கட்டத்தில் 'வால் பறித்தல்', 'வீடு மாற்றுதல்' என்று எழுதினேன். உபகரணத்தில் 'பந்து 14, வால் 40'. பொறுப்பாளர் அவள். கடைசிக் கட்டம் வந்தது.

"ஏம்மா, 'பயிற்சியின் நோக்கம்'னு போட்டிருக்கான். என்ன எழுத?"

விரிப்பின் ஒரு முனை அவள் பல்லில். கிழித்துக்கொண்டே சொன்னாள். "எல்லாம் விளையாட்டுக்குத்தான் மாமா. வேற எதுக்கு?"

நான் அப்படியே எழுதினேன். அப்படியேகூட இல்லை. பேசுகிற மாதிரி எழுதினால் மரியாதைக் குறைவாகிவிடும் என்று, 'வேற எதுக்கு' என்பதை 'வேறு எதற்கு?' என்று திருத்தி வேறு எழுதினேன். கேள்விக்குறி மறக்காமல் போட்டேன். எழுதியதை அவள் படித்துப் பார்க்கவில்லை. மறுநாள் போகிற வழியில் நானே பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை நான் கோல் தூக்கி வைக்கப் போயிருந்தேன். வால் ஆட்டம் களைகட்டியிருந்தது. முடிதிருத்துகிறவரின் இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேர், ஏழு வயது, வாயை மூடாமல் சிரிப்பவர்கள், ஒருத்தன் வாலை ஒருத்தன் பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றினார்கள். மற்ற பிள்ளைகள் அவர்கள் மேல் போய் விழ, பதினான்கு பந்தும் பதினான்கு பக்கம் ஓடின. பம்பரம் "ஐயோ, என் வால் தீந்து போச்சு!" என்று தலையில் கை வைத்து அலறினாள். அவளிடம் இன்னும் இருபது வால் இருந்தது. அதைப் பறிக்க எல்லாப் பிள்ளைகளும் பந்தோடு அவளைத் துரத்தின. முழங்காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு ஓடினாள். பந்தைத் தொடாத பிள்ளை ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் செயலாளர் வந்தார், பின்னால் டிராக்சூட். செயலாளர் கையில் என் கோழிக்கிறுக்கல்.

"நிறுத்துங்கம்மா. இது என்ன?"

"திட்டம் சார். நீங்க கேட்டீங்களே."

"திட்டமா? நானே படிக்கிறேன், கேளுங்க." கோட்டுக்கு வெளியே நின்ற தாய் தகப்பன்மார் எல்லோருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "பயிற்சியின் நோக்கம். எல்லாம் விளையாட்டுக்குத்தான். வேறு எதற்கு, கேள்விக்குறி."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பம்பரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் திட்டு இல்லை. 'மாமா, அதையா எழுதுனீங்க?' என்ற கேள்விதான் இருந்தது. அது திட்டைவிட மோசம்.

"முப்பது வருஷம் நான் படிவம் பாத்திருக்கேன். இப்படி ஒரு நக்கலை எவனும் எனக்கு எழுதிக் குடுத்ததில்ல. கழகத்தோட படிவம் உங்களுக்கு விளையாட்டா இருக்கா?"

"சார், நக்கல் இல்ல. நோக்கம் அதுதான். பசங்க விளையாடணும்."

"விளையாட்டுக்குச் செய்யறேன்னு நீங்களே எழுதிட்டீங்க. அப்புறம் என்ன?"

நான் உள்ளே புகுந்தேன். "சார், எழுதுனது நான். அது அவ பேசுன பேச்சு. எனக்கு எழுத வரல. தப்பு என்னோடது."

"நீங்க யாரு?"

"அவ அக்கா வீட்டுக்காரர்."

"ஓ. அப்ப படிவத்தக்கூட இவங்க எழுதல." அவருக்குக் கிடைத்தது அல்வா. "பொறுப்பாளர்னு பேர் ஒருத்தருது, கை இன்னொருத்தருது. கோச் சார், நீங்க எடுத்துக்குங்க. அடுத்த கூட்டம் முடியற வரைக்கும் இந்தக் குழு உங்களோடது."

வாயைத் திறந்து நான் அவளுக்குச் செய்த உபகாரம் இது. எழுதிக் கெடுத்தது போதாதென்று பேசியும் கெடுத்தேன்.

அவள் இடுப்பிலிருந்த வால்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து மடித்தாள். விரிப்பு மடிக்கிற கை, அப்போதுகூட மூலைக்கு மூலை சரியாக மடித்தது. கோட்டுக்கு வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள்.

இனி டிராக்சூட்டின் பயிற்சியைக் கேளுங்கள். பதினான்கு பிள்ளைகளையும் ஒரே வரிசையில் நிறுத்தினார். பதிமூன்று பந்தை வலைப்பைக்குள் போட்டுக் கட்டினார். மிச்சம் ஒரு பந்து. முன்னால் இருப்பவன் உதைக்கவேண்டும், ஓடிப் போய் எடுத்து வரவேண்டும், அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய் நிற்கவேண்டும். பஸ்ஸுக்கு நிற்பவர்கள்கூட அதைவிடக் கொஞ்சம் குஷியாக நிற்பார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். இருபது நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு நான்கு உதை. நான்கே நான்கு! தவறாக உதைத்தவன் மைதானத்தை ஒரு சுற்று ஓடவேண்டும். ஓடுவது தண்டனை என்று ஏழு வயதில் சொல்லிக் கொடுத்தால், எட்டு வயதில் அவன் எதற்கு ஓடுவான்?

இரட்டையில் ஒருவன் முறை வந்தது. டிராக்சூட் விசிலை ஊதிவிட்டு, "பந்தை நல்லா உத்துப் பாரு! கண்ணு பந்துலயே இருக்கணும்!" என்று அதட்டினார்.

பையன் சொன்னதைச் செய்தான். குப்புறப் படுத்து, மூக்கு பந்தில் முட்டுகிற அளவுக்குக் கண்ணைக் கொண்டுபோய் வைத்து, உற்றுப் பார்த்தான்.

வரிசையில் நின்ற அவன் தம்பி சிரிக்க ஆரம்பித்தான். படுத்திருந்தவன் சிரித்தான். பிறகு வரிசை முழுவதும். சிரிப்பு வராதவன் மனிதனா?

டிராக்சூட்டுக்கு வரவில்லை. இரண்டு பேரையும் கையைப் பிடித்துக் கோட்டுக்கு வெளியே கொண்டுவந்து விட்டார். "ஒழுக்கம் வந்ததும் வாங்க." சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

நான் இரண்டடி முன்னால் போனேன். பம்பரம் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள்.

"விடும்மா. ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்."

"நீங்க இன்னிக்கு நிறையப் பேசிட்டீங்க மாமா."

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரி என்னை உரித்தெடுத்துவிட்டாள். "கேட்டுக்கு ஹோல் போடச் சொன்னா, அளவு எடுக்காம போடுவீங்களா? எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை 'இத இப்படியே எழுதவா'ன்னு கேக்க வாய் இல்லையா? உங்களுக்குத்தான் ஊர் முழுக்க வாய் இருக்கே!" தங்கை மாடியில் இருந்தாள். கீழே வரவில்லை. அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் என் நட்டு டப்பா பட்டறையிலேயே இருந்தது. சமையலறைத் தரை காலியாகக் கிடந்தது. என் வீட்டுக்காரி அடுப்புக்கு நேராக நடந்து போனாள், அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை. "வெறிச்சோன்னு இருக்கு" என்று கரண்டியை டொக்கென்று வைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை டிராக்சூட்டின் வரிசையில் ஒன்பது பிள்ளைகள். அதற்கடுத்த சனிக்கிழமை ஆறு. மழையால் வரவில்லை என்று செயலாளர் சொல்லிக்கொண்டு திரிந்தார். மழையா? என் பட்டறைத் தகரத்தில் அந்த வாரம் ஒரு சொட்டு விழவில்லை.

ஆறு என்றதும்தான் கழகத்துக்கு உறைத்தது. மைதானத்தைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள வேண்டுமானால், சின்னப் பிள்ளைகள் பன்னிரண்டு பேராவது வரவேண்டும் என்று ஒரு விதி. டிராக்சூட்டும், "எனக்குப் பெரிய டீம் குடுங்க, மூக்கு சிந்தி விடறதுக்கா நான் சான்றிதழ் வாங்குனேன்?" என்று முறைத்துக்கொண்டாராம். செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்குக் கூட்டம், வரவும் என்று பம்பரத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். நானும் போனேன். வாயைத் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகே கூட்டிப்போனாள்.

கழக அறையில் நீள மேசை, பிளாஸ்டிக் நாற்காலி, கண்ணாடி அலமாரியில் கோப்பைகள். தலைவர் என்பவர் வயதானவர், எல்லாக் கூட்டத்திலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர். தூங்குகிறாரா கேட்கிறாரா என்று யாருக்கும் தெரியாது. செயலாளர் புதுப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"நடந்தது நடந்துபோச்சு. கழகம் உங்களுக்கு இன்னொரு வாய்ப்பு குடுக்குது."

குடுக்குதாம்! ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டு இருப்பவர்கள் இவளுக்கு வாய்ப்பு குடுக்கிறார்களாம். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நோக்கத்த மட்டும் ஒழுங்கா எழுதுங்க. நான் சொல்றேன். ஒழுக்கம், உடற்திறன், வெற்றி மனப்பான்மை. எழுதுங்க."

பம்பரம் பேனாவை எடுத்தாள். எழுதவில்லை. "இத எழுதிட்டு நான் வாலு பறிக்க விட்டா, அது பொய் சார்."

"எல்லாரும் எழுதறதுதாம்மா."

"நான் அதச் செய்யப் போறதில்லையே. பசங்க பந்து ஆடணும், அடுத்த வாரமும் வரணும். அதுக்குத்தான் நான் உக்காந்து திட்டம் போடறேன். சும்மா வாய்க்கு வந்தத எழுதறதில்ல. ஒரு பையன் சும்மா நிக்கக் கூடாதுன்னு ரெண்டு மணி நேரம் நட்ட நகத்துறேன்."

"அப்ப மறுபடியும் 'விளையாட்டுக்கு'ன்னு எழுதப் போறீங்களா? கமிட்டியில படிச்சா சிரிக்கறாங்கம்மா."

"சார், நம்ம வாசல்ல பெரிய போர்டு இருக்கு. 'விளையாட்டுக் கழகம்'னு போட்டிருக்கு. அத நான் எப்படிப் படிக்கணும்? விளையாட்டுக்குன்னு ஒரு கழகம் நடத்தறாங்கன்னா?"

தலைவர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். வயிறு மட்டும் குலுங்கியது. கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

செயலாளர் முகம் சிவந்துவிட்டது. "அது வேற, இது வேற. அந்தச் சொல்லு படிவத்துல வரக் கூடாது. அவ்வளவுதான்."

"சரி சார். அந்தச் சொல்லு வராது."

குனிந்து எழுதினாள். ஒரே சொல். தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள். 'விளையாடுவதற்கு.'

செயலாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். இறக்கிவிட்டுப் படித்தார். உதடு அசைந்தது. முப்பது வருடப் படிவ அனுபவம் முழுவதும் அந்த ஒரு சொல்லைச் சுற்றிச் சுற்றி வந்து, நக்கல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தது. அகப்படவில்லை.

"சரியாத்தானே இருக்கு. குத்துப்பா" என்றார் தலைவர்.

முத்திரை விழுந்தது. பாருங்கள், மூன்று வாரம், பதினான்கு பிள்ளைகள், இத்தனை ரகளை. ஒரு சொல்லின் வாலுக்காக.

அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். வெளியே வந்ததும் அவளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம் என்று பையைத் தடவினேன். அவள் மைதானத்தின் பக்கம்கூடத் திரும்பவில்லை. "வாங்க மாமா, இன்னும் எட்டுப் பேரக் கூட்டிட்டு வரணும்" என்று தெருவில் இறங்கிவிட்டாள்.

ஆறு வீடு சுலபமாக முடிந்தது. "அந்த விசில் சார் இல்லையே?" என்று கேட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னார்கள். அவற்றில் நான்கு பிள்ளைகள்தான் உண்மையில் வந்தன, அது பிறகு. கடைசியாக முடிதிருத்தும் கடைக்குப் போனோம்.

கடையில் ஒரு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, சுவரோரம் பெஞ்சு. நாற்காலியில் ஒருவர் முகம் முழுக்க நுரையோடு அண்ணாந்து கிடந்தார். இரட்டையர் பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை அமைதியாக நான் பார்த்ததே அன்றுதான்.

முடிதிருத்துகிறவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே பேசினார். "வாம்மா. சார், வாங்க. இவனுங்கள இனிமே அனுப்பலம்மா. இவனுங்களால உனக்கு இன்னொரு தடவை அவமானம் வேணாம்."

"இவங்க என்னண்ணே செஞ்சாங்க?"

"பயிற்சி நடக்கும்போது சிரிச்சாங்களாமே. அந்த சாரு வீடு தேடி வந்து சொன்னாரு. ஒழுக்கம் இல்லையாம். எனக்குத் தலைகுனிவா போச்சு. ரெண்டு பேருக்கும் முதுகுல ரெண்டு வச்சேன்."

"எதுக்குச் சிரிச்சீங்கன்னு கேட்டீங்களா?"

"கேக்கல."

"இப்பக் கேளுங்க."

அவர் கேட்கவில்லை. கண்ணாடி வழியாகப் பிள்ளைகளைப் பார்த்தார், அவ்வளவுதான். பெரியவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அவருதான்பா பந்த உத்துப் பாக்கச் சொன்னாரு."

"அதுக்கு?"

"பாத்தேன்."

"எப்படிப் பாத்த?"

பையன் இறங்கி வந்தான். தரையில் கிடந்த முடியைக் காலால் ஒதுக்கிவிட்டு, குப்புறப் படுத்து, பவுடர் டப்பாவை வைத்து, மூக்கை முட்டிக் கண்ணை உருட்டினான். தம்பி பெஞ்சிலிருந்து, "கண்ணு பந்துலயே இருக்கணும்!" என்று டிராக்சூட்டின் குரலில் அதட்டினான்.

நுரைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. நாற்காலியில் இருந்தவர் குலுங்கினார்.

"அண்ணே, ஆடாதீங்க! கழுத்து, கழுத்து!" முடிதிருத்துகிறவர் கத்தியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார். பிறகு அவராலும் முடியவில்லை. கத்தியைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. தரையில் கிடந்த மகனைத் தூக்கி நிறுத்தி, சட்டையில் ஒட்டிய முடியை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார்.

"சொன்னதத்தானே செஞ்சிருக்கான்" என்றார். "நான் அடிச்சுட்டேனே."

பவுடர் டப்பாவை எடுத்துத் துடைத்து அதன் இடத்தில் வைத்தார்.

"ஏழரைக்குத்தானே?" என்று கேட்டார்.

"ஏழரைண்ணே."

"நானே கொண்டாந்து விடறேன். அந்த ஆள நானும் கொஞ்சம் உத்துப் பாக்கறேன்."

"அதெல்லாம் வேணாம். வந்தா கோட்டுக்கு வெளிய நில்லுங்க. இவனுங்க சிரிச்சா கூடச் சேந்து சிரிங்க. போதும்."

அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டு பிள்ளைகள் வந்தார்கள். விதிக்குப் போதும் என்று செயலாளர் தூரத்தில் நின்று எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார். அவருக்குப் பன்னிரண்டு போதும். எனக்குப் போதாது. வராத இரண்டில் ஒன்று அந்த வாரமே வீடு மாறிப் போய்விட்டது, விடுங்கள். இன்னொன்று எங்கள் தெருமுனை வீட்டுப் பெண். முதல் மாதம் அம்மா கையை விடாமல் நின்றவள், ஐந்தாம் மாதம் நாற்பது வாலில் ஒன்பதைத் தனியாகப் பறித்தவள். டிராக்சூட்டின் வரிசையில் மூன்று முறை தவறாக உதைத்து மூன்று சுற்று ஓடியிருக்கிறாள். இப்போது கூப்பிட்டால், "எனக்கு ஓட வராது" என்கிறாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அப்படி ஒரு வாக்கியம் தானாகத் தோன்றாது. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஆளுக்குச் சான்றிதழ் இருக்கிறது.

பம்பரம் வேலை முடிந்து வரும்போது அந்த வீட்டு வாசலில் நிற்காமல் வருவதில்லை. வா என்று கூப்பிடுவதில்லை. சும்மா பேசிவிட்டு, இடுப்பில் செருகியிருக்கும் வாலோடு கிளம்புவாளாம். நேற்று அந்தப் பெண் படியிறங்கி, பின்னாலேயே இருபதடி ஓடி வந்து பறித்துவிட்டதாம். வீட்டுக்கு வந்து சொன்னாள். வால் இல்லாமல்தான் வந்திருந்தாள்.